கைமாற்று

1914ஆம் ஆண்டு ஆகஸ்ட் 31 அன்று, கான்ஸ்டாண்டிநோபிளில் அமெரிக்கத் தூதராக இருந்த ஹென்றி மார்கெந்தாவ் நியூயார்க்கின் யூதப் பெரியவர்களுக்கு ஒரு தந்தி கொடுத்தார். பாலஸ்தீனத்து யூதர்களில் பெரும்பகுதியினர் ஐரோப்பாவிலிருந்து வரும் காணிக்கையை நம்பி வாழ்ந்தவர்கள். போர் மூண்டதும் அந்த வழி அடைபட்டுப்போனது. உடனே 50,000 டாலர் வேண்டும் என்று கேட்டிருந்தார். தொகை சில நாட்களிலேயே சேர்ந்துவிட்டது. பாதியை அமெரிக்க யூதக் குழு போட்டது. மறுபாதியை வங்கியாளர் ஜேக்கப் ஷிஃபும் சியோனிஸ்டுகளும் பகிர்ந்துகொண்டார்கள். அமெரிக்கப் போர்க்கப்பல் ஒன்றில் பணம் யாஃபா போய்ச் சேர்ந்தது.

பணம் சேர்ந்த வேகத்தைவிட, அதற்குப் பிறகு நடந்த பங்காளி வழக்குதான் எனக்குச் சுவாரசியமாகத் தெரிகிறது. ஜெர்மனியிலிருந்து முன்பே வந்து வங்கியும் வணிகமுமாகச் செழித்தவர்கள் ஒரு குழு. ரஷ்யாவிலிருந்தும் போலந்திலிருந்தும் வந்த ஆசாரமானவர்கள் இன்னொரு குழு. தையல் கூடங்களில் உழைத்த, கடவுளைவிடத் தொழிற்சங்கத்தை நம்பிய தொழிலாளர்கள் மூன்றாவது குழு. ஒருவர் வீட்டில் இன்னொருவர் கை நனைக்க மாட்டார்கள். கடைசியில் ஓர் உடன்பாடு ஏற்பட்டது: வசூல் அவரவர் வழியில், பங்கிடுவது மட்டும் ஒன்றாக. அப்படி உருவானதுதான் அமெரிக்க யூதக் கூட்டு விநியோகக் குழு. கிழக்கு ஐரோப்பாவின் சின்ன ஊர்களில் அதை ‘ஜாயிண்ட்’ என்றே சொன்னார்கள். ‘ஜாயிண்ட்’ வந்தால் ரொட்டி வரும், பால் பவுடர் வரும், கூடவே கேள்வி கேட்கும் அதிகாரியும் வருவார்.

இந்த நூறாண்டுக் கதையைப் படிக்கும்போது கொடுத்தவர்களின் பெருந்தன்மையில் என் மனம் அவ்வளவாக நிற்பதில்லை. வாங்கிக்கொண்டவர்கள் என்ன ஆனார்கள், வாங்கும்போது எந்த இடத்தில் நின்றார்கள் என்பதுதான் திரும்பத் திரும்ப இழுக்கிறது. திருக்குறளில் இரவு என்று ஓர் அதிகாரமும் இரவச்சம் என்று அடுத்ததும் ஒட்டி ஒட்டி வருவது தற்செயல் இல்லை என்றே நினைக்கிறேன். கேட்க வேண்டிய நிலையும் கேட்பதற்குக் கூசும் மனமும் ஒரே ஆளிடம்தான் இருக்கின்றன.

முதல் உலகப் போரின் கிழக்குப் போர்முனை, யூதர்கள் மிக நெருக்கமாக வாழ்ந்த நிலத்தின் மேலேயே முன்னும் பின்னும் நகர்ந்தது. ஜார் படை, உளவாளிகள் என்று குற்றஞ்சாட்டி, லட்சக்கணக்கான யூதர்களை எல்லையோர ஊர்களிலிருந்து விரட்டியது. மேற்கே போர் முடிந்த பிறகும் உக்ரைனில் முடியவில்லை. 1918க்கும் 1921க்கும் இடையே அங்கே நடந்த படுகொலைகளில் பல்லாயிரம் பேர் மாண்டார்கள். 1920 ஜூலையில் நிவாரணத்தோடு போன ஜாயிண்ட் பிரதிநிதிகள் இருவர், பேராசிரியர் இஸ்ரேல் ஃபிரீட்லேண்டரும் யூத மதகுருவான ரப்பி பெர்னார்ட் கேண்டரும், உக்ரைன் சாலையொன்றில் கொல்லப்பட்டார்கள்.

ஜாயிண்ட் ஒரு பக்கம் என்றால் ஊர்ச்சங்கங்கள் இன்னொரு பக்கம். நியூயார்க்கில் குடியேறிய ஒவ்வொரு ஊர்க்காரர்களுக்கும் ஒரு சங்கம் இருந்தது. நோயில் படுத்தால் உதவுவது, இறந்தால் அடக்கம் செய்ய இடம் பிடித்துவைப்பது அதன் வழக்கமான வேலை. போர் முடிந்ததும் இந்தச் சங்கங்கள் தங்களில் ஒருவரைத் தேர்ந்து, டாலரையும் கட்டுக் கட்டாகக் கடிதங்களையும் கொடுத்து ஊருக்கு அனுப்பின. அப்படிப் போனவர் பட்ட பாடு தனிக் கதை. குளியல் மண்டபத்தைச் செப்பனிடுவதா, பள்ளிக்கூடத்துக்குக் கூரை போடுவதா, பள்ளிக்கூடம் என்றால் ஹீப்ரு பள்ளியா யித்திஷ் பள்ளியா, விதவைகளுக்குக் கையில் காசாகக் கொடுப்பதா என்று ஊரே கட்சி கட்டி நிற்கும். இருபது வருடத்துக்கு முன்னால் கிளம்பிப்போன தையற்காரர், இப்போது தீர்ப்பு சொல்லும் இடத்தில். அவருக்கும் அது பிடித்திருக்க வேண்டும்.

1920களின் நடுவில் ஜாயிண்ட் ஒரு முடிவுக்கு வந்தது. கஞ்சித் தொட்டி வைத்துக்கொண்டே இருக்க முடியாது. 1924இல் யூதக் குடியேற்றச் சங்கத்தோடு சேர்ந்து மறுசீரமைப்புக்கென்று தனி அறக்கட்டளை தொடங்கியது. கூட்டுறவுக் கடன் சங்கங்களுக்குப் பணம் போட்டது. அதைவிட எனக்கு நெருக்கமானவை, போலந்தின் சின்ன ஊர்களில் பெருகிய கைமாற்றுக் கழகங்கள். சக யூதரிடம் வட்டி வாங்கக் கூடாது என்பது யூத வேதமான தோராவின் கட்டளை. தேவைப்பட்டவருக்கு வட்டியில்லாமல் கொடுத்துத் தவணையில் திரும்பப் பெறுவது அங்கே பழைய வழக்கம். அந்தப் பழைய வழக்கத்துக்கு ஜாயிண்ட் முதல் போட்டது. உள்ளூர்க்காரர்களும் தங்கள் பங்கைப் போட வேண்டும் என்றது. 1930களின் பிற்பகுதியில் போலந்தில் இப்படி 800க்கும் மேற்பட்ட கழகங்கள் இருந்தன. ஒரு தையல் இயந்திரம், வண்டிக்காரருக்கு ஒரு குதிரை, வாரச் சந்தைக்கு முதல் நாள் வாங்கிப் போடும் சரக்கு என்று சின்னச் சின்னக் கடன்கள். 1936இல் போலந்துப் பிரதமரே நாடாளுமன்றத்தில் யூதக் கடைப் புறக்கணிப்புக்குப் பச்சைக்கொடி காட்டிய காலம் அது. சந்தையில் பலகை போட இடமில்லாமல் போனவருக்கு அடுத்த வாரம்வரை தாக்குப்பிடிக்க இந்தக் கடன்தான் கைகொடுத்தது.

பன்னிரண்டாம் நூற்றாண்டு அறிஞர் மைமோனிடஸ் கொடையை எட்டுப் படிகளாக வகுத்தார். முகத்தைச் சுளித்துக்கொண்டு கொடுப்பது கடைசிப் படி. கடன் கொடுத்தோ கூட்டாளியாகச் சேர்த்துக்கொண்டோ வேலை தேடித் தந்தோ ஒருவரைக் கேட்கும் நிலையிலிருந்தே எடுத்துவிடுவது முதல் படி. கைமாற்று வாங்குபவருக்குத் திருப்பித் தர ஒரு நாள் உண்டு என்று கொடுப்பவர் நம்புகிறார். அந்த நம்பிக்கையே வாங்குபவருக்குக் கிடைக்கும் மரியாதை. கஞ்சித் தொட்டியில் அது இல்லை. அங்கே இன்றைய பசி மட்டும்தான்.

இதே காலத்தில் சோவியத் பக்கம் ஜாயிண்ட் செய்தது வேறு மாதிரியான பெரிய காரியம். வேளாண் அறிஞர் ஜோசப் ரோசனின் தலைமையில் கிரிமியாவிலும் தெற்கு உக்ரைனிலும் வணிகம் பறிபோன யூதர்களை நிலத்தில் குடியேற்றினார்கள். டிராக்டர் வந்தது, திராட்சைத் தோட்டம் வந்தது. 1938இல் ஸ்டாலின் அரசு கடையைக் கட்டச் சொல்லிவிட்டது. அதில் வேலை பார்த்த உள்ளூர்க்காரர்கள் பலர் சுடப்பட்டார்கள். வெளிநாட்டுப் பணம் தொட்ட கை என்பதே போதுமான குற்றமாக இருந்தது.

போலந்துக் கைமாற்றுக் கழகங்களுக்கு ‘ஃபோல்க்ஸ்ஹில்ஃப்’ என்று ஒரு யித்திஷ் பத்திரிகை இருந்தது. அதன் ஆசிரியர் இம்மானுவேல் ரிங்கெல்பிளம், படிப்பால் வரலாற்றாளர், பிழைப்புக்கு ஜாயிண்டின் வார்சா அலுவலகத்தில் வேலை. கடன் கணக்கோடு நிற்காமல், உங்கள் ஊர்த் தொழில்கள் என்ன, சந்தை எப்படி இருக்கிறது, பழைய பதிவேடுகள் உண்டா என்று சின்ன ஊர்களிலிருந்து எழுத வைத்தவர். 1938 இலையுதிர்காலத்தில் ஜெர்மனி துரத்திவிட்ட யூதர்கள் ஆயிரக்கணக்கில் ஸ்பான்ஷின் என்ற எல்லை ஊரில் குளிரில் மாட்டிக்கொண்டபோது, ஜாயிண்ட் இயக்குநர் இட்ஸ்ஹாக் கிட்டர்மனும் அவரும் அங்கே போய்ச் சமையலறை, வைத்தியம், தபால் என்று ஒரு ஊரையே நடத்தினார்கள். முகாம்வாசிகளையே பொறுப்பாளர்களாக்கினார்கள்.

அடுத்த வருடம் வார்சா ஜெர்மனியிடம் விழுந்தது; பிறகு நகரத்து யூதர்களைக் கெட்டோ என்ற சுவர் கட்டிய பகுதிக்குள் அடைத்தார்கள். 1941 டிசம்பரில் அமெரிக்கா போருக்குள் வந்ததும் நியூயார்க்கிலிருந்து டாலர் வரும் வழியும் அடைபட்டது. கெட்டோவுக்குள் இருந்த ஜாயிண்ட் ஆட்கள் அப்போது செய்ததை நினைத்தால் இன்னும் வியப்பாக இருக்கிறது. கையில் கொஞ்சம் பணம் மிச்சமிருந்த யூதர்களிடம் போய்க் கடன் கேட்டார்கள். போர் முடிந்ததும் ஜாயிண்ட் டாலராகத் திருப்பித் தரும் என்று வாக்குக் கொடுத்தார்கள். ஷாங்காயில் சிக்கிக்கொண்ட ஐரோப்பிய அகதிகளுக்காக லாரா மார்கோலிஸ் என்ற ஜாயிண்ட் அதிகாரியும் உள்ளூரில் இதே விதமாகக் கடன் எழுப்பினார். ஊருக்கெல்லாம் கைமாற்றுக் கொடுத்த நிறுவனம் தானே கைமாற்றுக்கு நின்றது. ஷாங்காயில் கடன் கொடுத்தவர்கள் திருப்பிக் கேட்க உயிரோடு இருந்தார்கள். வார்சாவில் கொடுத்தவர்களில் பெரும்பாலோர் இல்லை.

ராகேல் ஆவர்பாக் என்ற எழுத்தாளர் லெஸ்னோ தெருவில் ஒரு கஞ்சித் தொட்டியை நடத்தினார். அவரை அந்த வேலையில் போட்டவர் ரிங்கெல்பிளம். தினமும் வந்த முகங்கள் வீங்கி, மெலிந்து, ஒருநாள் வராமலே போனதை அவர் குறித்துவைத்தார். ஒரு கட்டத்தில் தன் தொட்டி யாரையும் காப்பாற்றவில்லை, சாவைக் கொஞ்சம் தள்ளிப்போடுகிறது, அவ்வளவுதான் என்ற முடிவுக்கு வந்தார். நிவாரணப் பணியாளர் ஒருவர் தன் வேலையைப் பற்றி இவ்வளவு நேராக எழுதியதை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. ஆனாலும் தொட்டியை மூடவில்லை. அந்தக் குறிப்புகள் ரிங்கெல்பிளம் ரகசியமாகத் திரட்டிய ஆவணக் குவியலுக்குள் போயின. கைமாற்றுக் கழகங்களின் பழைய தொடர்புகளும் பழக்கங்களும்தான் அந்த வேலைக்கு அடித்தளம். நவோலிப்கி தெருவின் பள்ளிக் கட்டடத்துக்கு அடியில் தகரப் பெட்டிகளிலும் பால் கேன்களிலும் வைத்துப் புதைத்தார்கள். கிட்டர்மன் 1943 ஜனவரியில் சுடப்பட்டார். ரிங்கெல்பிளம் 1944 மார்ச்சில். ஆவர்பாக் பிழைத்தார். இடிபாட்டைத் தோண்டியே ஆக வேண்டும் என்று போருக்குப் பின் விடாமல் கேட்டுக்கொண்டிருந்தவர்களில் அவரும் ஒருவர். பெட்டிகள் 1946 செப்டம்பரில் கிடைத்தன, பால் கேன்கள் 1950 டிசம்பரில்.

1945க்குப் பின் நியூயார்க் ஊர்ச்சங்கங்கள் மறுபடியும் வசூலித்தன. இம்முறை யாருக்கு அனுப்புவது? குளியல் மண்டபம் கேட்டுச் சண்டை போட ஊரில் ஆள் இல்லை. பிழைத்தவர்களுக்கு அகதி முகாம்களில் துணியும் உணவும் போயின. மிச்சப் பணத்தையும் அதைவிட அதிகமான நேரத்தையும் அவர்கள் நினைவுப் புத்தகங்களில் போட்டார்கள். தெருவாரியாக யார் வீடு எது, ரொட்டிக்காரர் யார், ஊர்க் கிறுக்கர் யார், கையால் வரைந்த வரைபடம், இறுதியில் இறந்தவர் பட்டியல். நூற்றுக்கணக்கான ஊர்களுக்கு இப்படிப் புத்தகங்கள் உண்டு. புனரமைப்புக் கணக்கில் இவற்றை யாரும் சேர்ப்பதில்லை. என் கணக்கில் சேர்ப்பேன்.

ஜெர்மனி, ஆஸ்திரியா, இத்தாலி முகாம்களில் ஏறக்குறைய 2,50,000 யூதர்கள் வீடற்று இருந்தார்கள். ஜாயிண்ட் அங்கே தாமதமாகத்தான் வந்தது. ராணுவ அனுமதி கிடைப்பதில் இழுபறி என்பது அதன் தரப்பு. காத்திருந்தவர்களுக்கு அந்த விளக்கம் போதவில்லை. டாஹவ் முகாமில் இருந்த அமெரிக்க ராணுவ ரப்பி ஏபிரகாம் கிளாஸ்னர் ஜாயிண்டை வெளிப்படையாகச் சாடினார். அதற்கிடையே தானே பிழைத்தவர்களின் பெயர்களைத் தொகுத்து அச்சிட்டுச் சுற்றுக்கு விட்டார். ரொட்டிக்கு முன்னால் அந்தப் பட்டியலுக்குத்தான் கூட்டம். 1945 ஆகஸ்டில், முகாம்களைப் பார்வையிட்ட ஏர்ல் ஹாரிசன் அமெரிக்க அதிபர் ட்ரூமனுக்குக் கொடுத்த அறிக்கை அமெரிக்க ராணுவத்தையே கூச வைத்தது. கொல்லவில்லை என்பதைத் தவிர நாம் நடத்தும் விதத்தில் பெரிய வேறுபாடில்லை என்ற பொருளில் அதில் ஒரு வரி. 1946இல் அமெரிக்க யூதர்கள் பத்துக் கோடி டாலர் இலக்கு வைத்து வசூலில் இறங்கினார்கள். இலக்கு எட்டியது. அதில் எவ்வளவு ஐரோப்பாவுக்கு, எவ்வளவு பாலஸ்தீனத்துக்கு என்ற இழுபறியும் கூடவே வந்தது.

கொடுப்பவர் பட்டியலில் இல்லாத பொருள்களை முகாம்வாசிகள் கேட்டார்கள். திருமண விரலுக்கு மோதிரம், பிள்ளைப்பேற்றுக்குத் துணி. அந்த முகாம்களில் பிறப்பு விகிதம் உலகிலேயே மிக உயர்ந்தவற்றுள் ஒன்றாக இருந்தது. பிறகு தால்முத் என்ற யூதச் சட்ட நூல். ஜெர்மனியில் ஒரு முழுத் தொகுப்புகூடக் கிடைக்காமல் நியூயார்க்கிலிருந்து வரவழைத்தார்கள். அமெரிக்க ராணுவமும் ஜாயிண்டும் செலவை ஏற்க, ஹைடெல்பெர்கில் 19 தொகுதிகள் அச்சாகி 1950இல் முடிந்தன. முகப்புப் பக்கத்தில் கீழே முள்வேலி, மேலே புனித நாட்டின் பனை மரங்கள். ராணுவம் தால்முத் அச்சிட்ட கதை வேறெந்த நாட்டிலும் இல்லை. காகிதத் தட்டுப்பாட்டில் சில நூறு பிரதிகளே அச்சாயின. அதற்குள் முகாம்கள் பெரும்பாலும் காலியாகிவிட்டிருந்தன. வீண்செலவு என்று அன்றே சொன்னவர்கள் இருந்திருப்பார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. கேட்டவர்கள் கேட்டது அதுதான்.

இந்த வரலாற்றின் கடினமான முடிச்சு போலந்தில் விழுந்தது. சோவியத்துக்குள் தப்பியிருந்த யூதர்கள் 1946இல் லட்சத்துக்கும் மேலாகத் திரும்பினார்கள். அவர்களில் பலரைக் கீழ்ச் சிலேசியாவில் குடியமர்த்தினார்கள். முந்தைய ஆண்டுவரை அது ஜெர்மனி. ஜெர்மானியர்கள் வெளியேற்றப்பட்ட வீடுகள். குரோஸ்-ரோசன் வதைமுகாம் பக்கத்தில்தான். ஜேர்ஷோனியுவ் என்ற ஊரில் யித்திஷ் பள்ளியும் தையல், காலணிக் கூட்டுறவுகளும் தொடங்கின. ஜாயிண்ட் பணமும் இயந்திரங்களும் தந்தது. அந்த வட்டார யூதக் குழுவின் தலைவர் யாக்கோப் எகிட், போலந்து மண்ணிலேயே யூத வாழ்வு மறுபடி வேர்விடும் என்று நம்பினார். 1946 ஜூலை 4 அன்று கீல்ட்சே நகரில், ஒரு சிறுவனை யூதர்கள் அடைத்துவைத்திருந்தார்கள் என்ற பொய்யை வைத்துக் கூட்டம் திரண்டு, அவ்வூர் யூதக் குழுவின் கட்டடத்திலேயே புகுந்தது; 42 யூதர்கள் கொல்லப்பட்டார்கள். அடுத்த சில மாதங்களில் பல்லாயிரம் பேர் எல்லை தாண்டினார்கள்.

அப்போது ஜாயிண்ட் இரண்டையும் செய்தது. இருப்பவர்களுக்குத் தையல் இயந்திரம், கிளம்பியவர்களுக்கு வழியெல்லாம் சாப்பாடு. குழப்பமான கொள்கை என்று அதைக் குறை சொல்பவர்கள் உண்டு. நிவாரணம் தருபவர், வாங்குபவர் எங்கே வாழ வேண்டும் என்பதையும் சேர்த்து முடிவுசெய்யத் தொடங்கினால் அது வேறு தொழில். உலக யூதக் காங்கிரஸ் 1948இல் மான்ட்ரோவில் கூடி, இனி எந்த யூதரும் ஜெர்மன் மண்ணில் குடியிருக்க மாட்டார் என்று தீர்மானம் போட்டது. தீர்மானத்தைக் கேளாமல் ஜெர்மனியிலேயே தங்கிவிட்ட ஆயிரக்கணக்கானோருக்கும் யாரோ மருந்து வாங்க வேண்டியிருந்தது. கடைசி முகாமான ஃபோரன்வால்ட் 1957இல்தான் மூடப்பட்டது.

கிழக்கே கதவுகள் சீக்கிரமே சாத்தப்பட்டன. போலந்திலிருந்து ஜாயிண்டை வெளியேற்றினார்கள். கூட்டுறவுகளை அரசு விழுங்கியது. 1953 ஜனவரியில் மாஸ்கோ, கிரெம்ளின் மருத்துவர்கள் ஜாயிண்டின் கூலிகள் என்று அறிவித்தது. ஹங்கேரியிலும் அதே ஆண்டு இடமில்லை என்றாயிற்று. அதன் பிறகு பெயர் போடாத பார்சல்கள் மூன்றாம் நாடுகளின் வழியாகப் போயின. துணியை வாங்கியவர் விற்றுச் சாப்பிட்டார்.

1952இல் மேற்கு ஜெர்மனியின் இழப்பீட்டுப் பணம் பற்றிய பேச்சு வந்தபோது, வாங்குவதா கூடாதா என்றே யூதர்கள் இரண்டாகப் பிளந்தார்கள். ஜெருசலேமில் நாடாளுமன்றத்தின் மேல் கல் விழுந்தது; பேச்சுவார்த்தைக்கு 61க்கு 50 என்று வாக்கு. செப்டம்பர் 10 அன்று லக்சம்பர்க்கில் உரை ஏதுமின்றிக் கையெழுத்தானது. இஸ்ரேலுக்கு 300 கோடி மார்க். உலகமெங்கும் சிதறிய யூதர்களுக்காக உரிமைக்கோரல் மாநாடு என்ற அமைப்புக்கு 45 கோடி. அந்த 45 கோடியில் ஐரோப்பாவின் பள்ளிகளும் முதியோர் இல்லங்களும் நின்றன. கொலைகாரரின் பணத்தில் முதியோர் இல்லம் நடத்தலாமா என்ற கேள்விக்கு, முதியோர் இல்லத்தில் இருந்தவர்களிடம் பெரும்பாலும் பதில் தயாராக இருந்தது.

பிரான்சின் கதை இதிலிருந்து கொஞ்சம் விலகியது. 1945 ஜூனில் புகன்வால்ட் வதைமுகாமிலிருந்து 426 சிறுவர்கள் நார்மண்டியின் எகுயி என்ற ஊருக்கு வந்தார்கள்; பின்னாளில் எழுத்தாளரான எலீ வீசலும் அவர்களில் ஒருவர். போட்டுக்கொள்ள வேறு துணியின்றி ஹிட்லர் இளைஞர் படையின் சீருடையில் வந்ததால் வழியில் பிரெஞ்சுக்காரர்கள் அவர்களை நாஜிகள் என்று நினைத்தார்கள். இல்லத்தில் கமெம்பேர் பாலாடைக்கட்டி பரிமாறியபோது, அதன் வாடையில் விஷம் என்று பயந்து தூக்கி எறிந்தார்கள். இல்லங்களுக்குப் பணம் தந்த ஜாயிண்ட், 1949இல் வெர்சாயில் சமூகப்பணிப் பள்ளி ஒன்றையும் திறந்தது. அமெரிக்கப் பாணியில் ஆளுக்கொரு கோப்பு, நேர்காணல், மதிப்பீடு. தலைமறைவு நாட்களில் போலிச் சீட்டுத் தயாரித்துக் குழந்தைகளைக் காப்பாற்றிய பெண்களுக்கு இந்தப் பாடம் எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பார்க்கலாம்.

அதே காலத்தில் பிரெஞ்சு யூதர்கள் தங்களுக்குள்ளேயே வசூலித்துத் தாங்களே பங்கிட ‘ஒன்றிணைந்த யூத சமூக நிதி’யைத் தொடங்கினார்கள். ஜாயிண்ட் அதற்குத் தூண்டுகோலாக இருந்தது. இனி என் பணத்தை மட்டும் எதிர்பார்க்காதே என்பதும் அதற்குள் அடக்கம். ஆரம்பத்தில் பாதிப் பேர் நம்பவில்லை. 1962இல் அல்ஜீரியா விடுதலையடைந்தபோது ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட யூதர்கள் கையில் பெட்டியோடு மார்செய் துறைமுகத்தில் இறங்கினார்கள். அவர்களுக்காக மேசை போட்டு உட்கார்ந்திருந்தவர்களில், பதினைந்து வருடத்துக்கு முன் இதே மாதிரி மேசையின் எதிர்ப்பக்கம் நின்றவர்கள் இருந்தார்கள். கோப்பு திறந்தார்கள், கேள்வி கேட்டார்கள். வந்தவர்கள் முகம் சுளித்தார்கள்: இவர்களின் ஜெபம் சவலையாக இருக்கிறது, சாப்பாட்டில் காரமில்லை, எங்களைக் காட்டுவாசிகள் மாதிரி பார்க்கிறார்கள். பார்த்தார்கள்தான். ஆனால் இது கடலுக்கு அப்பால் இருக்கும் குழு அல்ல. சண்டை போட்டு உள்ளே போய் உட்காரக்கூடிய தூரத்தில் இருந்தது. போனார்கள். ஜெபாலயங்கள் பலவற்றில் பாட்டின் ராகமே மாறியது. அல்ஜீரியாவின் போன் நகரில் பிறந்த ரெனே-சாமுவேல் சிரா 1981இல் பிரான்சின் தலைமை ரப்பியானார்.